பேகம் ஐஸாஸ் ரசூல்: தனித் தொகுதி வேண்டாம் என்ற உ.பி. உறுப்பினர்

திருமுருகன்பூண்டியில் வடக்கே இருந்து வந்தவர்கள் என்றால் நம் நினைவுக்கு வருவது பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பீகார், உத்தரப் பிரதேச இளைஞர்கள்தான். ஜும்ஆ தொழுகையில் நம்மோடு ஒரே ஸஃப்பில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய உ.பி.யிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற ஒரு பெண்மணியைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. அச்சபையில் இருந்த ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினர் அவர். பெயர் பேகம் குத்ஸியா ஐஸாஸ் ரசூல்.

1909ல் பிறந்தவர். தந்தை பஞ்சாபின் மலேர்கோட்லா அரச குடும்பத்தைச் சேர்ந்த சர் சுல்பிகார் அலி கான். கணவர் நவாப் ஐஸாஸ் ரசூல், ஹர்தோய் மாவட்டம் சண்டீலாவின் தாலுக்தார், அதாவது பெரும் நிலக்கிழார். 1937 தேர்தலில் பெண்களுக்கென ஒதுக்காத பொது இடத்தில் நின்று பேகம் மாகாண மேலவைக்கு வென்றார். பர்தாவை விட்ட பெண்ணுக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று உலமாக்களின் ஃபத்வா வந்தும் வென்றார் என்பதைக் குறிப்பிட வேண்டும். 1940 வரை மேலவையின் துணைத் தலைவர். பிறகு 1950 முதல் 1952 வரை அங்கேயே எதிர்க்கட்சித் தலைவர். ஜமீன் குடும்பத்து மருமகளாக இருந்தும் ஜமீன்தாரி ஒழிப்பை ஆதரித்தார்.

ஆனால் அவர் பெயர் வரலாற்றில் நிற்பது வேறொரு விவாதத்தால். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் முஸ்லிம்களுக்குத் தனி இடங்கள் வேண்டுமா என்ற கேள்வி அது. (கல்வி, வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழகத்தில் 2007 முதல் நமக்கு உள்ள 3.5 சதவீதம் அந்த வகையைச் சேர்ந்தது.)

ஆங்கிலேயர் காலத்தில் முஸ்லிம் பிரதிநிதியை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்கும் முறை இருந்தது. பிரிவினைக்குப் பின் 1947 ஆகஸ்டில் சபை அதை நிராகரித்தது. எல்லோரும் சேர்ந்து ஓட்டளிக்கும் தொகுதிகளில் சில இடங்களை மட்டும் ஒதுக்கலாம் என்று முடிவானது. அந்த ஒதுக்கீடும் வேண்டாம் என்று 1948 நவம்பர் 8 அன்றே பேகம் பேசினார். ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து நிரந்தரமாகப் பிரித்துவிடும், அவர்களுடைய நல்லெண்ணத்தைப் பெற வாய்ப்பே தராது என்பது அவர் வாதம். இப்படிப் பேசியவர் முஸ்லிம் லீக் உறுப்பினர் என்பதுதான் வியப்பு.

1949 மே 25, 26 தேதிகளில் விவாதம் உச்சத்தைத் தொட்டது. மத அடிப்படையிலான ஒதுக்கீட்டைக் கைவிடலாம் என்ற சர்தார் பட்டேல் குழுவின் பரிந்துரை சபை முன் இருந்தது. அதை எதிர்த்துத் திருத்தம் கொண்டுவந்தவர் நம் சென்னை மாகாணத்தின் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப். ஒரு சமுதாயத்தின் குறையை அந்தச் சமுதாயம் தானே தேர்ந்தெடுத்தவர்தான் எடுத்துச் சொல்ல முடியும், தனி வாக்காளர் தொகுதி பிரிவினை ஆகாது என்று அவர் வாதாடினார்.

பேகத்தின் பதிலை எளிதில் ஒதுக்க முடியாது. கூட்டுத் தொகுதியில் பெரும்பான்மையினரின் ஓட்டில் வெல்லும் முஸ்லிம் உறுப்பினர், முஸ்லிம்களின் உண்மையான கருத்தைச் சொல்பவராக இருப்பாரா? ஒதுக்கீடு இல்லாவிட்டால் எந்த வேட்பாளரும் நம் ஓட்டுக்காக நம்மிடம் வந்துதானே ஆக வேண்டும்? அதே உரையில் விசுவாசத்தைப் பற்றியும் பேசினார். நாட்டுக்கு எதிராக நடப்பவர் இந்துவானாலும் முஸ்லிமானாலும் விசுவாசமற்றவர்தான், மதத்தை வைத்து அதை அளக்கக் கூடாது என்றார். பிரிவினை முடிந்து இரண்டாண்டுகூட ஆகாத நேரத்தில், சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே நின்று இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

காயிதே மில்லத்தின் திருத்தம் தோற்றது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒதுக்கீடு மட்டும் நிலைத்தது.

யார் சொன்னது சரி? வேட்பாளர்கள் நம்மிடம் வருவார்கள் என்ற பேகத்தின் கணிப்பு பொய்க்கவில்லை. ரமளானில் தேர்தல் வந்தால் நோன்புக் கஞ்சி குடிக்க வராத வேட்பாளர் யார்? ஆனால் ஓட்டுக் கேட்டு வருவது ஒன்று, கட்சி நமக்கு சீட் கொடுப்பது வேறு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரில் முஸ்லிம்கள் 24 பேர்தான். கட்சிகளின் சீட்டுப் பங்கீட்டைப் பேகம் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே தோன்றுகிறது. அதே சமயம், காயிதே மில்லத் கேட்ட முறை கிடைத்திருந்தாலும், நம் திருப்பூர் பகுதியைப் போல முஸ்லிம்கள் சிதறி வாழும் ஊர்களில் பல மாவட்டங்களைச் சேர்த்து ஒரே உறுப்பினர்தான் இருந்திருப்பார். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் அவரைத் தேடிப் போவது எளிதாக இருந்திருக்காது.

பெண்கள் விஷயத்தில் காலம் வேறு திசையில் நகர்ந்தது. பேகம் பொது இடத்தில் நின்று வென்றார். இன்று தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. திருமுருகன்பூண்டி நகராட்சி ஆன பின் 2022 பிப்ரவரியில் சந்தித்த முதல் தேர்தலும் அந்த விதிப்படிதான் நடந்தது. நம் சகோதரிகளுக்கு வார்டு உறுப்பினர் பதவி எட்டாத உயரம் அல்ல.

1950க்குப் பின் பேகம் காங்கிரசில் சேர்ந்தார், 1952ல் மாநிலங்களவைக்குச் சென்றார். 1969 முதல் 1971 வரை உ.பி.யில் சமூக நலன், சிறுபான்மையினர் துறை அமைச்சர். பெண்கள் ஹாக்கிக்கும் நிறையச் செய்தார். 2000ல் பத்மபூஷண் பெற்று, மறு ஆண்டு காலமானார். அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுப்பின் எட்டாம் தொகுதியில் காயிதே மில்லத்தின் உரையும் பேகத்தின் உரையும் ஒரே விவாதத்துக்குள் அச்சாகியிருக்கின்றன.