கனவு, தவளை, அட்டை: ஒரு நரம்புச் சொல்லின் கதை

போன மாசம் கண் செக்கப்புக்குப் போயிருந்தேன். ரெண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, "அரை மணி நேரம் கண்ணை மூடிட்டு உட்காருங்க"ன்னு நர்ஸ் சொன்னாங்க. அதுக்கப்புறம் சாயந்தரம் வரைக்கும் ஒரு மெசேஜ்கூடப் படிக்க முடியல. வெளியே வந்தா வெயில் கண்ணைக் குத்துது. ஆட்டோக்காரர் ஓடிபி கேட்டார். போனை அவர் கையிலேயே கொடுத்து, "அண்ணே, நீங்களே பார்த்துக்கோங்க"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

அந்தச் சொட்டு என்ன செய்தது? கண்பாவையைச் சுருக்கும் நரம்பு, தன் நுனியில் ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது. பேரு அசிட்டைல்கோலின். அந்தப் பொருள் தசையில் போய் ஒட்டாதபடி மருந்து குறுக்கே நிற்கிறது. செய்தி போய்ச் சேரவில்லை, அதனால் பாவை விரிந்தே கிடக்கிறது.

இப்படி அசிட்டைல்கோலினை வெளியிடும் நரம்பிழைகளுக்கு கோலினெர்ஜிக் இழைகள்னு பேரு. கையைத் தூக்குறது, இதயத்தை நிதானப்படுத்துறது, எச்சில் ஊற வைக்கிறது, குடலை அசைக்கிறது எல்லாம் இவற்றின் வேலை. இந்தச் சொல் 1933-இல்தான் பிறந்தது. அதைச் சொன்னவர், அதற்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவர்கள், அதற்காக அவர்கள் இழந்தது, இதுதான் இன்னிக்குக் கதை.

மின்சாரமா, ரசாயனமா?

நரம்பில் ஓடுவது மின்சாரம் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனா நரம்பு முடியும் இடத்தில் என்ன நடக்குது? பொறி மாதிரி மின்சாரமே தசைக்குத் தாவுதா? இல்ல, நரம்பு நுனி ஏதாவது பொருளைக் கசிய விடுதா? பெரும்பாலானவர்கள் மின்சாரம் பக்கம்தான். நரம்புச் செய்தி அவ்வளவு வேகமா போகுது, ஒரு திரவம் கசிந்து போய் அந்த வேலையைச் செய்யுமா என்பது அவங்க கேள்வி.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஓட்டோ லேவி என்ற மருந்தியல் பேராசிரியர் இருந்தார். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி அவருக்கு ஒரு கனவு. பாதித் தூக்கத்தில் எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்துட்டார். காலையில் பார்த்தா அவர் கையெழுத்து அவருக்கே புரியல! நாள் பூரா தவிச்சிருக்கார். அடுத்த ராத்திரி மூணு மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தது. இந்தத் தடவை காகிதத்தை நம்பவில்லை. எழுந்து நேரா ஆய்வகத்துக்கே போயிட்டார்.

சோதனை ரொம்ப எளிமையானது. ரெண்டு தவளை இதயங்கள். உடம்பிலிருந்து எடுத்து உப்புக் கரைசலில் வைத்தால் கொஞ்ச நேரம் தானாகவே துடிக்கும். முதல் இதயத்தோடு வேகஸ் நரம்பும் இருக்கு. அந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் துடிப்பு குறையும், இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். லேவி செய்தது அடுத்த படி. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இதயமும் நிதானமானது. அப்படின்னா, நரம்பு எதையோ கரைசலில் விட்டிருக்கு. அந்த ‘எதையோ’வுக்கு அவர் வைத்த பேரு ‘வேகஸ் பொருள்’. ஆய்வு 1921-இல் வெளியானது.

இதைக் கேட்கும்போது, தூங்கினா நோபல் கிடைக்கும்னு தோணும். அவசரப்படாதீங்க. இந்த யோசனை தனக்கு 1903-லேயே வந்ததுன்னு லேவியே எழுதியிருக்கார். தவளை இதயத்தை இப்படிக் கரைசலோடு கட்டித் தொங்க விடும் முறையையும் அவர் வேறொரு வேலைக்காக ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். பதினேழு, பதினெட்டு வருஷமா தனித்தனியா கிடந்த ரெண்டு துண்டுகளைக் கனவு சேர்த்து வைத்தது.

எல்லாரும் உடனே நம்பவும் இல்லை. தவளை, பருவம், வெப்பநிலை இதையெல்லாம் பொறுத்து முடிவு மாறும். திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு ஒண்ணும் கிடைக்கல. 1926-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில், எல்லார் கண் முன்னாலும், ஒரே இதயத்தை வைத்து 18 தடவை செய்து காட்டினார் லேவி.

அட்டையோடு வந்தவர்

இங்கே லண்டனுக்குப் போகணும். லேவியின் நெடுநாள் நண்பர் ஹென்றி டேல் அங்கே இருந்தார். 1914-லேயே அசிட்டைல்கோலின் என்ற பொருளை ஆராய்ந்து, வேகஸ் நரம்பைத் தூண்டினா நடக்கிற மாதிரியே இதுவும் செய்யுதுன்னு எழுதியவர் அவர். ஆனா அப்போ அது உடம்புக்குள்ள இருக்குன்னு யாருக்கும் தெரியாது. 1929-இல் டேலும் டட்லியும் குதிரை, மாட்டு மண்ணீரலில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இருப்பது தெரிந்தது. நரம்பு அதை வெளியிடுவதை எப்படி அளப்பது? அங்கேதான் சிக்கல். வெளியே வந்த மறுகணமே ஒரு நொதி அதை உடைத்துவிடும். அளவும் ரொம்ப ரொம்பக் கொஞ்சம்.

விடை பெர்லினில் இருந்தது. அட்டை! வால்பாறை பக்கம் டிரெக்கிங் போனவங்களுக்குத் தெரியும், அந்த ரத்தம் உறிஞ்சும் அட்டையின் சொந்தக்காரன்தான். அட்டையின் முதுகுத் தசையில் ஒரு கீற்றை எடுத்து, நொதியைத் தடுக்கும் எசரின் என்ற மருந்தில் ஊற வைத்தால், கோடிக்கணக்கில் ஒரு பங்கு அசிட்டைல்கோலின் பட்டாலும் சுருங்கும். அந்த வித்தையில் தேர்ந்தவர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க். 32 வயசு. யூதர்.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரலில் ஃபெல்ட்பெர்க்கை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அப்போ அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை ஆள் ஒருவர் பெர்லின் வந்திருந்தார். ஃபெல்ட்பெர்க் அவரைப் போய்ப் பார்த்தார். முதலில், தன்னால் எதுவும் செய்ய முடியாதுன்னு கைவிரித்த அந்த ஆள், பேரைக் கேட்டதும் குறிப்புகளைப் புரட்டினார். ஃபெல்ட்பெர்க்குக்கு வேலை போயிருந்தால் லண்டனுக்கு வரச் சொல்லுங்கள் என்று டேல் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். சில மாசங்களில் மனைவி, குழந்தைகளோடு அவர் லண்டன் ஹாம்ப்ஸ்டெடில் டேலின் ஆய்வகத்தில் இருந்தார். கூடவே அட்டை வித்தையும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மூணு வருஷத்தில் நடந்ததைப் பாருங்க. வயிறு, நரம்பு முடிச்சுகள், அட்ரினல் சுரப்பி, வியர்வைச் சுரப்பி என்று ஒவ்வொரு இடமா அட்டைத் தசை சுருங்கிக் காட்டியது. 1936-இல் டேல், ஃபெல்ட்பெர்க், மார்த்தா ஃபோக்ட் மூணு பேரும் சேர்ந்து, கை கால் தசைகளுக்குப் போகும் நரம்பும் அதே பொருளைத்தான் வெளியிடுதுன்னு நிறுவினார்கள். மார்த்தா ஃபோக்ட் யூதர் இல்லை, யாரும் அவரைத் துரத்தவும் இல்லை. நாஜிகளின் நாட்டில் இருக்கப் பிடிக்காமல் தானாகவே ஜெர்மனியை விட்டு வந்தவர்.

இந்த நடுவில்தான் டேல் அந்தச் சொல்லை உருவாக்கினார். நரம்புகளை, உடம்பில் எந்தப் பாதையில் வருது என்பதை வைத்துப் பிரிப்பது பழைய வழக்கம். அது குழப்பியது. உதாரணத்துக்கு வியர்வை. அதற்கான நரம்பு ‘சிம்பதெடிக்’ பாதையில் வருகிறது, அந்தக் கூட்டம் பொதுவா வெளியிடுவது அட்ரினலின் வகைப் பொருள். ஆனா வியர்வை நரம்பு வெளியிடுவது அசிட்டைல்கோலின். அதனால டேல் சொன்னார்: எந்த வழியா வந்ததுன்னு பார்க்காதீங்க, என்ன வெளியிடுதுன்னு பாருங்க. கோலினெர்ஜிக், அட்ரினெர்ஜிக். பிறந்த வழியை வைத்து மனுஷங்களைப் பிரித்துத் துரத்திக்கிட்டிருந்த அதே 1933-இல் வந்த சொல் இது. டேல் அதை மனசில் வைத்துச் சொல்லல, படிக்கும்போது எனக்குத் தோணினது அவ்வளவுதான்.

ஒரே டிசம்பரில் ரெண்டு விஷயம்

1936 டிசம்பரில் லேவியும் டேலும் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு வாங்கினார்கள்.

அதே டிசம்பரில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர், பூச்சிகளைக் கொல்ல ஒரு மருந்து தேடும்போது ‘டாபுன்’ என்ற பொருளைத் தயாரித்தார். அசிட்டைல்கோலினை உடைக்கும் அந்த நொதியை அது முடக்கிவிடும். விளைவு? எல்லா கோலினெர்ஜிக் இழைகளின் செய்தியும் நிற்காமல் அடிச்சுக்கிட்டே இருக்கும். எச்சில், வியர்வை வழியும், பாவை ஊசிமுனையாகும், கடைசியில் மூச்சுத் தசை செயலிழக்கும். முதல் நரம்பு வாயு அதுதான்.

நொதியை அளவோடு தடுத்தால் அதுவே மருந்து. 1934-இல் லண்டன் கிரீனிச்சில் ஒரு மருத்துவமனையில் மேரி வாக்கர் என்ற டாக்டர், மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோயால் இமையைக்கூடத் தூக்க முடியாத ஒரு பெண்ணுக்கு எசரின் ஊசி போட்டார். சில மணி நேரத்துக்கு இமை எழுந்தது. ஆமா, அட்டைத் தசையை ஊற வைத்த அதே எசரின்தான்.

1938 மார்ச்சில் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தார்கள். அன்று ராத்திரியே துப்பாக்கியோடு இளைஞர்கள் லேவியின் படுக்கையறைக்குள் நுழைந்தார்கள். 64 வயசு மனுஷன் சிறைக்குப் போனார், அவரோட ரெண்டு மகன்களும்தான். கொன்றுவிடுவார்கள் என்று நினைத்திருக்கார். அப்போ அவர் கேட்டது ஒரு அஞ்சல் அட்டை. கடைசி ஆய்வின் முடிவை அதில் எழுதி ஒரு அறிவியல் இதழுக்கு அனுப்பிய பிறகுதான் மனசு ஆறியதுன்னு பின்னால் எழுதினார். ரெண்டு மாசம் கழித்து விடுதலை. நாட்டை விட்டுப் போக விடுவதற்கு ஒரு விலை கேட்டார்கள்: ஸ்டாக்ஹோம் வங்கியில் இருந்த நோபல் பணத்தை நாஜி வங்கிக்கு மாற்று. மாற்றினார். 1940-இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார், 1961-இல் அங்கேயே இறந்தார்.

நம்ம பக்கம்

ஷ்ரேடர் தேடிய அந்தப் பூச்சி மருந்துக் குடும்பம், ஆர்கனோபாஸ்பேட், நம்ம வயல்களுக்கும் வந்தது. அது உடம்புக்குள் போய் மயங்கியவர்களுக்கு நம்ம அரசு மருத்துவமனைகளில் முதலில் போடும் ஊசிகளில் ஒண்ணு அட்ரோபின். நர்ஸ் மறுபடி மறுபடி பாவையையும் நாடியையும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. எச்சிலும் நெஞ்சுச் சளியும் வற்றுதா, இதயம் வேகமெடுக்குதா என்று பார்த்து அளவைக் கூட்டுவாங்க. அந்த ஒவ்வொரு அடையாளமும் டேலின் ஆய்வகத்தில் எழுதிய பட்டியலில் இருக்கு.

அட்ரோபின் வகைப் பொருள் நம்ம ஊர் ஊமத்தையிலும் இருக்கு. ஊமத்தங்காய் சாப்பிட்டவனுக்குப் பித்துப் பிடிக்கும்னு பாட்டி சொன்னது சும்மா இல்லை. நாக்கு வறண்டு, பாவை விரிந்து, தாறுமாறாப் பேச வைக்கும். தயவுசெய்து யாரும் சோதிச்சுப் பார்க்காதீங்க.

என் கண்ணில் விழுந்த சொட்டும் இந்த வம்சம்தான். அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்துக்கு எரிச்சல்பட்டேன். இப்போ அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஞாபகம் வருவது, பெர்லினில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொருத்தர் காகிதத்தைப் புரட்டுவதைப் பார்த்துக்கிட்டிருந்த ஃபெல்ட்பெர்க்தான். அந்தக் குறிப்பு இல்லாம போயிருந்தா அட்டை வித்தை எங்கே போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.