காய்ந்த மரத்துத் தச்சர்

கியோட்டோ நகரத்தில் சீட்டுக்கட்டு அச்சிடும் கம்பெனி ஒன்று இருந்தது. 1889-ம் வருஷம் ஆரம்பித்தது. பூக்களும் பறவைகளும் வரைந்த 'ஹனஃபூடா' என்ற ஜப்பானியச் சீட்டுதான் அதன் பிரதான சரக்கு. நிண்டெண்டோ என்று பெயர். 1965-ல் இந்தக் கம்பெனிக்கு கும்பெய் யோகோய் என்ற இளைஞர் வேலைக்கு வந்து சேர்ந்தார். சர்வகலாசாலையில் மின்னணுவியல் படித்தவர்; ஆனால் படிப்பில் பிரமாதமாகத் தேறியவர் அல்ல. பெரிய பெரிய எலெக்ட்ரிக் கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டன. உள்ளூரிலேயே ஏதோ ஒன்று கிடைத்ததே என்று சேர்ந்துகொண்டார். சீட்டு அச்சிடும் இயந்திரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது உத்தியோகம். இயந்திரங்கள் சரியாகவே ஓடின. ஆகையால் மனிதருக்கு வேலையே இல்லை.

வேலையில்லாத உத்தியோகஸ்தர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். யோகோய் லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். நம் ஊர்க் கடைகளில் இழுத்து மூடுகிற இரும்புக் கதவு இருக்கிறதல்லவா, குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் கோத்தது, அதே மாதிரி ஒரு பொம்மைக் கை. பிடியை அழுத்தினால் சடாரென்று நீண்டு எட்டாத பொருளைப் பற்றிக்கொள்ளும். அதை நீட்டியும் சுருக்கியும் விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். அறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே யோகோய் போனார்.

யமாவுச்சி கடுமையான மனிதர் என்று பெயர் எடுத்தவர். 1949-ல் பாட்டனாரிடமிருந்து கம்பெனியை ஏற்றுக்கொண்டபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதை விற்கிற சரக்காகச் செய்" என்று உத்தரவு போட்டார். 1966-ல் 'அல்ட்ரா ஹாண்ட்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. யோகோய் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அத்துடன் தீர்ந்தது. அன்றுமுதல் விளையாட்டுச் சாமான் செய்வதே அவர் உத்தியோகம்.

அதற்குப் பிறகு வந்த பொம்மைகளையெல்லாம் இங்கே அடுக்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1969-ல் 'காதல் பரீட்சைக் கருவி' என்று ஒன்று செய்தார். ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உருண்டையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். உடம்பில் ஓடும் சொற்ப மின்சாரத்தைக் கொண்டு முள் நகர்ந்து காதலின் அளவைக் காட்டும்! உள்ளே இருப்பது மின்சாரத்தை அளக்கும் சாதாரண மீட்டர்தான். வாங்கியவர்கள் முள்ளையா பார்த்தார்கள்? கையைப் பிடித்துக்கொள்ளக் கிடைத்த சாக்குக்குத்தான் காசு கொடுத்தார்கள்.

இதிலேயே அவருடைய முறை முழுவதும் இருக்கிறது. பிற்காலத்தில் அதற்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். வாடிப்போன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது என்று அதைத் தமிழில் சொல்லலாம். 'வாடிய' என்று நான் எழுதுகிற ஜப்பானியச் சொல்லுக்குப் பக்குவப்பட்டது என்றும் பொருள் உண்டு. நம் ஆசாரிகளுக்கு இது புதிய சமாசாரம் இல்லை. பச்சை மரத்தில் கதவு போட்டால் ஐப்பசியில் மூடாது, சித்திரையில் பிளந்துகொள்ளும். காய்ந்த மரம் எங்கே வளையும், எங்கே வளையாது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிருக்கும், விலையும் மலிவு. அதை இதுவரை யாரும் செய்யாத காரியத்துக்கு எடுத்துக்கொள்வதுதான் சாமர்த்தியம்.

புல்லட் ரயிலில் ஒருநாள் அவர் பிரயாணம் செய்யும்போது, பொழுது போகாத ஓர் உத்தியோகஸ்தர் கணக்குப் போடும் கால்குலேட்டரின் பொத்தான்களைச் சும்மா தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு கால்குலேட்டர் செய்து, விலை அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அந்தத் திரவப் படிகத் திரையிலேயே விளையாட்டு வைத்தால் என்ன? யோசனை தோன்றியதே தவிர, சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. பிறகு ஒருநாள் முதலாளியின் டிரைவர் வரவில்லை. வண்டி ஓட்ட யோகோயைக் கூப்பிட்டார்கள். ஒரு பொறியாளரைக் காரோட்டச் சொன்னது அவருக்கு அவ்வளவாக ருசித்திருக்காது. போகிற வழியில் பேச்சுக்குப் பேச்சாக விஷயத்தைச் சொல்லிவைத்தார். முதலாளி 'ஊம்' கொட்டினார். அவ்வளவுதான். ஆனால் சில நாட்களில் கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் கம்பெனியின் பெரிய மனிதர்கள் நிண்டெண்டோ வாசலில் வந்து இறங்கினார்கள். 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும் விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். 1991 வரையில் 4 கோடியே 30 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. 1982-ல் அதில் ஒன்றை மடித்து மூடும் மாதிரி செய்தபோது, துருத்திக்கொண்டிருக்கும் பிடி உதவாது என்று சிலுவை வடிவத்தில் தட்டையான பொத்தான் ஒன்றை வைத்தார். அன்றைக்குப் பிறகு அந்தச் சிலுவை ஏறாத விளையாட்டுக் கருவி அபூர்வம்.

இதே சமயத்தில் அவரிடம் ஒரு சீடர் வந்து சேர்ந்தார். ஷிகேரு மியாமோட்டோ, சோனோபே என்ற சிற்றூர்க்காரர், சித்திரக்காரராக 1977-ல் சேர்ந்தவர். அமெரிக்காவுக்கு அனுப்பிய 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டு இயந்திரங்களில் சுமார் 2,000 விலைபோகாமல் கிடங்கில் கிடந்தன. அவற்றுக்குள் வேறொரு விளையாட்டைப் புகுத்தும் பொறுப்பை இந்தச் சித்திரக்காரரிடம் விட்டு, யோகோயை மேற்பார்வைக்கு வைத்தார்கள். மியாமோட்டோ முதலில் ஒரு கதை கட்டினார்: குரங்கு, குரங்கு தூக்கிப்போன பெண், மீட்கப் புறப்பட்ட தச்சன். 1981-ல் 'டாங்கி காங்' அப்படி வந்தது. சில புள்ளிகளில் வாய் வரைய முடியாது, ஆகவே மீசை. தலைமயிர் வரைய முடியாது, ஆகவே தொப்பி. பிற்பாடு மாரியோ என்று உலகமெல்லாம் தெரிந்த முகம் அதுதான். நான் கதை எழுதுகிறவன். ஆகவே எனக்கு மியாமோட்டோவின் பக்கம்தான் மனம் சாயவேண்டும். ஆனாலும் என்னவோ, யோகோயையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

1989-ல் 'கேம் பாய்' வந்தது. வர்ணத்திரை வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். யோகோய் மறுத்தார். பாசிப் பச்சைத் திரையில் நாலு தினுசுச் சாயை, அவ்வளவே. போட்டிக் கம்பெனிகளின் வர்ணக் கருவிகள் 6 பாட்டரியைச் சில மணி நேரத்தில் விழுங்கின. இது 4 பாட்டரியில் 15 மணி நேரம் தாராளமாக ஓடியது. கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுப் பனிப்பொம்மை என்று சொல்லிவிட்டால் பார்க்கிறவன் வெண்மையைத் தானே கண்டுகொள்வான் என்பது அவர் வாதம். இதை நான் மறுக்க முடியாது. கறுப்பு மையில் 'அரக்குப் புடவை' என்று எழுதித்தான் இத்தனை காலம் பிழைத்துவருகிறேன். வாசகிகள் யாரும் வர்ணம் தெரியவில்லை என்று கடிதம் போட்டதில்லை.

அமெரிக்காவில் அந்தக் கருவியோடு சேர்த்துக் கொடுத்த விளையாட்டு 'டெட்ரிஸ்'. மாஸ்கோவில் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் வேலைபார்த்த அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் செய்தது. அவருடைய இயந்திரத்தில் படமே வராது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். உரிமை சர்க்காருடையது. ஆகவே உலகம் முழுவதும் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 1996 வரையில் அவருக்குப் பங்குத்தொகை என்று காலணா வரவில்லை. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் கட்டை அடுக்கும் கருவி மலிவு விலைக்குக் கிடைத்தது. என் தங்கையும் நானும் ஒன்றுக்காக அடித்துக்கொண்டு, பாட்டரி மூடியை உடைத்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தோம். அந்தத் திரை கால்குலேட்டர்த் திரை என்பதும், ஆட்டம் ஒரு மாஸ்கோக்காரருடையது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. அதன்மேல் யார் பெயரும் இல்லை.

கேம் பாயும் அதன் வர்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. இத்தனையும் செய்தவரைத்தான் 1995-ம் வருஷம் கவிழ்த்தது. 'வர்ச்சுவல் பாய்' என்று ஒன்று செய்தார். மேஜைமேல் நிறுத்தி, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கறுப்பு இருளில் சிவப்பு விளக்கொளியில் உருவங்கள் ஆழமாகத் தெரியும். கண் வலித்தது, கழுத்து வலித்தது என்றார்கள் ஜனங்கள். எட்டு லட்சம்கூட விற்காமல் ஒரு வருஷத்துக்குள் நிறுத்தினார்கள். சிவப்பு விளக்கு மலிவானதுதான், பழையதுதான். ஆனால் அதைக்கொண்டு கண்ணை ஏமாற்றும் வித்தை இன்னும் பச்சை மரமாக இருந்தது. காய்ந்த மரத்தின் அருமையை உலகத்துக்குச் சொன்னவருக்கே இது எப்படித் தப்பியது? முப்பது வருஷம் ஜெயித்த கைக்கு ஒரு மயக்கம் வரும் என்றுதான் நினைக்கிறேன். அதைவிடக் கனமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

1996-ல் கேம் பாயை இன்னும் மெலிதாக்கி ஒரு பதிப்பைச் செய்து முடித்துக் கொடுத்துவிட்டு, ஆகஸ்டு மாதம் அவர் கம்பெனியை விட்டு விலகினார். தோல்விக்குத் தண்டனை என்று பத்திரிகைகள் எழுதின. ஐம்பது வயதுக்குப் பிறகு சொந்தமாகத் தொழில் செய்யவேண்டும் என்பது தம்முடைய வெகுநாள் எண்ணம் என்று அவர் சொன்னார். இரண்டும் ஏககாலத்தில் உண்மையாக இருக்கலாம். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்று சின்னதாக ஒரு கம்பெனி வைத்தார்.

1997 அக்டோபர் 4-ம் தேதி இஷிகாவா ஜில்லாவில் நெடுஞ்சாலையில் அவர் வந்த கார் முன்னே போன வண்டியில் மோதியது. பெரிய காயம் ஒன்றுமில்லை. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர்மேல் மோதிவிட்டது. வயது ஐம்பத்தாறு.

அவர் புதிய கம்பெனியில் தொடங்கிவைத்த 'வொண்டர்ஸ்வான்' என்ற கையடக்கக் கருவி 1999 மார்ச்சில் வெளிவந்தது. அதற்கும் வர்ணம் கிடையாது. ஒரே ஒரு பாட்டரியில் ஓடியது. கூடவே வந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்குக் 'கும்பெய்' என்று அவர் பெயரையே வைத்திருந்தார்கள்.