130 டாலர் சூப்பர்மேன்

சூப்பர்மேன் படம்னு பேச்செடுத்தாலே நம்ம மக்கள் கட்சி கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்குவாங்க. 1978-ல் வந்த கிறிஸ்டோபர் ரீவ் படம்தான் படம்னு ஒரு கோஷ்டி. 2013-ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்'தான்னு இன்னொரு கோஷ்டி. 2025-ல் ஜேம்ஸ் கன் ஒண்ணு எடுத்து மூணாவது கட்சியையும் ஆரம்பிச்சு வச்சுட்டார். அடியேன் முதல் கட்சி. ஆனா காரணம் வேற. அந்தப் படத்தில் எனக்குப் பிடிச்ச இடம் ரீவ் பறக்கிற காட்சி இல்லை. டைட்டிலில், சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்று வரும் ஒரே ஒரு வரி. சண்டை போட்டு வாங்கின வரி அது.

ரெண்டு பேரும் 1914-ல் பிறந்தவர்கள். ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் ஒரே பள்ளிக்கூடம். புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பையன்கள், விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள். சீகல் எழுதுவார், ஷூஸ்டர் வரைவார். 1933-ல் அவர்கள் எழுதின முதல் 'சூப்பர்மேன்' மொட்டைத்தலை வில்லன்! அப்புறம்தான் ஆளை நல்லவனாக மாத்தினார்கள். அதைத் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா அலைஞ்சாங்க. தினசரிகளுக்குப் படக்கதை சப்ளை செய்கிற கம்பெனிகள் எல்லாம் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

1938 மார்ச்சில் டிடெக்டிவ் காமிக்ஸ் (இப்போதைய டிசி) வாங்கிக்கொண்டது. பக்கத்துக்கு 10 டாலர், 13 பக்கம், ஆக 130 டாலர். கதைக்கு மட்டும் இல்லை, சூப்பர்மேன் என்கிற பாத்திரத்தின் முழு உரிமைக்கும் சேர்த்து. வேறு வேலைகளுக்கான கூலியோடு சேர்த்து 412 டாலருக்கு ஒரே செக். அதில் ரெண்டு பேர் பெயரையும் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள் (பேர் விஷயத்தில் ராசி அன்னைக்கே சரியில்லை!). அந்தச் செக் காகிதம் 2012-ல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது.

ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 10 சென்ட். அதில் வர்ற சூப்பர்மேனைப் பார்த்தா நமக்கு அடையாளமே தெரியாது. வேற்றுக்கிரகப் படையெடுப்பெல்லாம் கிடையாது. பொண்டாட்டியை அடிக்கிறவனைப் பிடிச்சுச் சாத்துவார். செனட்டரோட ரகசியமாக் கூட்டு வச்சிருக்கிற தரகரைத் தூக்கிக்கிட்டு ஓடிப் பயமுறுத்துவார். மூணாவது இதழில், பாதுகாப்பு இல்லாத சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் மாட்டிக்கொள்ள வைப்பார். சுருக்கமா, ஏமாந்தவங்க பக்கம் நிக்கிற ஆள். அவரை எழுதினவங்களுக்கு மட்டும் அப்படி ஒருத்தர் வரலை.

நம்ம பொட்டி தட்டுற வேலையிலும் சேர்ற அன்னைக்கு ஒரு தாள்கட்டு நீட்டுவாங்க. எழுதுற நிரல் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு அதில் ஒரு பத்தி இருக்கும். யாரும் படிக்கிறதில்லை, மாசச் சம்பளம் வருது, கேள்வியும் இல்லை. ஆனா சீகலும் ஷூஸ்டரும் சம்பளத்துக்கு உட்கார்ந்து சூப்பர்மேனை உருவாக்கலை. வாங்கினவங்க வர்றதுக்கு முன்னாடியே அவர் முழுசாப் பிறந்தாச்சு. எனக்கு உறுத்துற இடம் அதுதான்.

ஒண்ணு சொல்லணும், அவர்கள் அன்னைக்கே பட்டினியில் விழுந்துடலை. 1940-களின் முற்பாதியில் பக்கக்கூலியில் நல்லாவே சம்பாதிச்சாங்க. வானொலி, கார்ட்டூன், பொம்மை என்று கம்பெனி சம்பாதிச்சதுக்குப் பக்கத்தில் வச்சுப் பார்த்தாத்தான் சின்னதாத் தெரியும். சீகல் ராணுவத்தில் இருந்தப்ப, அவர் முன்னாடியே சொல்லி நிராகரிக்கப்பட்ட 'சூப்பர்பாய்' யோசனையை அவரைக் கேட்காமலே வெளியிட்டார்கள். 1947-ல் வழக்குப் போட்டார்கள். 130 டாலர் ஒப்பந்தம் செல்லும், ஆனால் சூப்பர்பாய் சீகலுடையது என்று முடிவானது. 1948-ல் ஏறக்குறைய 94,000 டாலருக்குச் சமரசம். எல்லா உரிமையும் கம்பெனிக்கு. இதழ்களிலிருந்து பேரும் போனது. 1959-ல் அதே கம்பெனிக்குத் திரும்பி வந்து, பேர் இல்லாமல், தான் படைத்த ஆளுக்கே கூலிக்குக் கதை எழுதினார் சீகல். படிக்கும்போது ஒரு மாதிரி ஆயிடுச்சு.

1975. பெரிய செலவில் சூப்பர்மேன் படம் வரப்போகுதுன்னு செய்தி. சீகல் அப்போ லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அலுவலகத்தில் தபால் பிரிக்கும் குமாஸ்தா. ஷூஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போயாச்சு. சீகல் பக்கம் பக்கமா ஓர் அறிக்கை தட்டச்சு செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். படம் விளங்காமப் போகட்டும்னு நிஜமாவே சாபம் விட்டிருந்தார் அதில்!

அதைப் பார்த்துக் களத்தில் இறங்கினவர்கள் நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற ரெண்டு ஓவியர்கள். ராபின்சன் பேட்மேன் கதைகளுக்குப் படம் வரைந்தவர். இவர்கள் நீதிமன்றம் போகலை, பத்திரிகை, தொலைக்காட்சி என்று கதவு கதவாகத் தட்டினார்கள். படம் வர்ற நேரத்தில் இந்த அசிங்கம் தேவையான்னு வார்னர் யோசிச்சிருக்கணும். 1975 டிசம்பரில் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர், மருத்துவச் செலவு என்று முடிவானது. பணத்துக்குக்கூட ஒத்துக்கிட்டாங்க, பேர் போடறதில்தான் கடைசி வரைக்கும் இழுபறி. காசு பெரிசில்லை அவங்களுக்கு, பேர்தான் பெரிசு. ஏன்னு யோசிச்சுப் பாருங்க.

(அந்தப் படத்தில் 20 நிமிஷத்துக்கும் குறைவாக வர்ற மார்லன் பிராண்டோவுக்குச் சம்பளம் 37 லட்சம் டாலர். பங்கு தனி.)

இதே வரிக்காக இன்னும் நிறையப் பேர் காத்திருந்தாங்க. பேட்மேனின் பாதியை யோசிச்ச பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். பாப் கேனுடன் அவர் பேரையும் சேர்த்துப் போடுவதாக டிசி ஒத்துக்கொண்டது 2015-ல். 41 வருஷம்!

ஷூஸ்டர் 1992-ல், சீகல் 1996-ல் காலமானார்கள். பழைய உரிமையைத் திரும்பப் பெறச் சட்டம் தந்த வழியில் சீகலின் மனைவியும் மகளும் போனார்கள். 2008-ல் பாதி வெற்றி. 2013-ல் மேல்முறையீட்டில் வார்னர் பக்கம் தீர்ப்பு. 2001-லேயே பேசி முடிச்சாச்சு என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

இனி 2034 ஜனவரி 1-ஆம் தேதி அந்த முதல் கதை அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆகிறது. அன்னைக்கு நீங்களும் நானும் சூப்பர்மேன் கதை எழுதலாம். என்ன, 1938 சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. தாவ மட்டும்தான் தெரியும் :)