பழுதும் நம்பகமும்: அம்பாசடர் காரின் அரை நூற்றாண்டு

அம்பாசடர் காரைப் பற்றி நம்மிடம் இரண்டு சாட்சியங்கள் உள்ளன. ஒன்று நினைவின் சாட்சியம். அந்தக் காரை வைத்திருந்த குடும்பங்களில் எவரைக் கேட்டாலும், “அதுபோல் ஒரு வண்டி இனி வராது, எந்த ரோட்டிலும் போகும், நடுவழியில் கைவிடாது” என்பார்கள். மற்றொன்று ஆவணங்களின் சாட்சியம். இந்தியக் கார்களின் தரம் குறித்த புகார்கள் பெருகியதால், அதனை ஆராய்வதற்கென்றே 1967-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைக்க நேர்ந்தது. ஒரே பொருளைப் பற்றி ஒரே காலத்து மனிதர்கள் விட்டுச்சென்ற இவ்விரு சாட்சியங்களும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றுகின்றன. முதலாவதை வெறும் பழமை ஏக்கம் என்றோ, இரண்டாவதை நகரத்துச் சீமான்களின் முணுமுணுப்பு என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. இரண்டும் உண்மையாக இருந்திருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டால்தான் ‘நம்பகம்’ என்னும் சொல்லின் வரலாறு நமக்குப் பிடிபடும்.

பி.எம். பிர்லா 1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய அந்தத் தொழில், 1948-இல் கல்கத்தாவுக்கு அருகில் உள்ள உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்தது. பிரித்தானிய மோரிஸ் கார்களை இங்கே வேறு பெயர்களில் தயாரிப்பதே நிறுவனத்தின் வழி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசை இங்கே ‘லேண்ட்மாஸ்டர்’ ஆயிற்று. 1956-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மூன்றாம் வரிசை, 1957-இல் ‘அம்பாசடர்’ ஆயிற்று. இங்கிலாந்தில் அந்த மாதிரி ஒருசில ஆண்டுகளிலேயே மறைந்தது. இங்கோ அதன் உருவம், முகப்பிலும் விளக்குகளிலும் சிறுசிறு மாறுதல்களோடு, 2014 வரை நீடித்தது. பிறந்த ஊரில் அற்பாயுசு, புகுந்த ஊரில் ஐம்பத்தேழு ஆண்டு.

இந்த நீண்ட ஆயுளுக்குக் காரின் குணம் மட்டும் காரணமன்று. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை அரசு ஏற்றது. உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு நின்றுவிடாமல், படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கே இடம் என்றானது. இங்கே கார்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சியவை முக்கியமாக மூன்று: உத்தர்பாராவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட். எத்தனை கார் செய்யலாம் என்பதை உரிமம் தீர்மானித்தது. யாருக்கு எந்த வரிசையில் விற்கலாம் என்பதற்கும், என்ன விலைக்கு விற்கலாம் என்பதற்கும் அரசுக் கட்டுப்பாடு வந்தது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் ஏராளம். கைமாறும் பழைய கார், புதிய காரின் விலையைத் தாண்டுவதும் உண்டு. சுவரின் மறுபக்கத்துக் கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் காருக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களின் கதையும் இதே சாயல் கொண்டதுதான்.

காத்திருந்து பெற்ற பொருளைக் குறைகூற மனம் வருவதில்லை. ஆயினும் வந்து சேர்ந்த கார் முதல் மாதத்திலேயே பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது என்பது அக்காலத்து உரிமையாளர்களின் பொதுவான அனுபவம். மழை பெய்தால் கதவிடுக்கில் நீர் கசியும். தரைத்தகடு துருவேறும். தனிச் சட்டகத்தின்மேல் உடலை ஏற்றிவைக்கும் பழைய முறையில் அல்லாமல், உடலே சட்டகத்தின் வேலையையும் செய்யுமாறு அமைந்த கார் அது. ஆகவே துரு என்பது வெறும் அழகுக் குறையாக நிற்பதில்லை. வண்டியின் எலும்பையே அது அரித்தது. எஞ்சின் எண்ணெய் சொட்டும், அம்பாசடர் நிற்கும் இடத்தைத் தரையில் உள்ள கறையே காட்டிக்கொடுக்கும் என்பார்கள். டிரம் பிரேக், இறக்கத்தில் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர்க்கம்பி, தேய்மானம் கூடக்கூட எந்தப் பல் எங்கே விழும் என்பதை ஓட்டுநரின் ஊகத்திற்கு விட்டுவிடும்.

பழனிக்கோ கொடைக்கானலுக்கோ குடும்பத்தோடு புறப்படுவது அன்று ஒரு படையெடுப்புக்கு ஒப்பான ஆயத்தம். முன்னிருக்கையும் ஒரே நீள்பலகை போன்றது என்பதால் எட்டுப் பேர் ஏறுவதில் வியப்பில்லை. டிக்கியில் ஸ்டெப்னியோடு, ஒரு ஃபேன் பெல்ட், பிளக்குகள், பாயிண்ட் செட், கண்டென்சர், தண்ணீர் கேன், பழந்துணி ஆகியவையும் ஏறும். மலைப்பாதையில் ரேடியேட்டர் கொதித்தால் பானெட்டைத் திறந்துவைத்து ஆறவிட வேண்டும். பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொண்டால் பம்பின்மேல் ஈரத்துணி போட வேண்டும். கைபிரேக்கை நம்பாமல் சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். இவை எவையும் அன்று ‘பழுது’ என்று கணக்கில் கொள்ளப்படவில்லை. பயணத்தின் இயல்பான பகுதிகளாகவே அவை கருதப்பட்டன.

‘நடுவழியில் கைவிடாது’ என்ற வாக்கியத்தின் பொருள் இங்கேதான் திறக்கிறது. வண்டி நிற்காது என்பதன்று அதன் பொருள். நின்ற வண்டி மீண்டும் புறப்படும் என்பதே. பொறியியலார் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பேசுவர். ஒரு கருவி எவ்வளவு காலம் பழுதாகாமல் ஓடும் என்பது ஒரு கணக்கு. பழுதான பின் எவ்வளவு விரைவாக, எவ்வளவு எளிதாக அதைச் சீர்செய்யலாம் என்பது வேறொரு கணக்கு. முதல் கணக்கில் அம்பாசடர் சுமாரான மதிப்பெண்ணையே பெறும். இரண்டாவதில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவை குறைவு.

அதற்குப் பொறியின் எளிமை ஒரு காரணம். தொடக்கத்தில் இருந்த பக்கவால்வு எஞ்சினுக்குப் பதிலாக வந்த 1489 சிசி பி-வரிசை எஞ்சின், இங்கிலாந்தில் எம்.ஜி. விளையாட்டுக் கார்கள் உட்படப் பல வண்டிகளில் பயன்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. வார்ப்பிரும்பால் ஆன தடித்த உடல், சுமார் 50 குதிரைத் திறன், அதிக அவசரம் இல்லாத சுபாவம். சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து சற்றே பெரிய பிஸ்டனைப் பூட்டிவிடலாம், எஞ்சினுக்கு இன்னொரு பிறவி கிடைத்துவிடும். பானெட்டுக்கு அடியில் ஒரு மனிதன் கைவிட்டுத் துழாவும் அளவுக்கு இடம் இருந்தது. நாலைந்து ஸ்பேனர்களும் ஒரு ஸ்குரு டிரைவரும் போதும்.

இரண்டாவது காரணம், மாறாமை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறிக்கொண்டிருந்தபோதும் உள்ளே இருந்த பாகங்கள் பெரும்பாலும் அவையே. புதுமை செய்யாதது உற்பத்தியாளரின் சோம்பல் என்று விமர்சிக்கப்பட்டது. அவ்விமர்சனம் நியாயமானதே. ஆனால் அதே சோம்பல், நாடெங்கும் உள்ள பட்டறைக்காரர்களுக்கு ஒரே பாடநூலை முப்பது ஆண்டுகள் படிக்கும் வாய்ப்பைக் கொடுத்தது. ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியாயிற்று. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில், கதவுக் கைப்பிடி முதல் கியர்பெட்டி வரை கிடைத்தது. உள்நாட்டு உற்பத்தி என்ற கொள்கையின் விளைவாகச் சென்னையைச் சுற்றி ஒரு பெரும் உதிரிபாகத் தொழிலே எழுந்தது. 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960களின் தொடக்கத்தில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என அடுத்தடுத்து வந்தன. காப்பரணுக்குள் வளர்ந்த கார்கள் உலகச் சந்தையில் நிற்கவில்லை. அக்கார்களுக்காகப் பிறந்த உதிரிபாகத் தொழிலோ நின்றது. இன்று உலகின் பல நிறுவனங்களுக்கு அது பாகங்கள் வழங்குகிறது.

1970-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். சில இதழ்கள் நிராகரித்த அக்கட்டுரை, பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. விற்பவனுக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் கார்களையும் ஐயத்தோடு பார்ப்பான், நல்ல கார் வைத்திருப்பவன் சந்தையைவிட்டே விலகுவான் என்பது அதன் சாரம். அம்பாசடர் விஷயத்தில் இந்த இருள் பெரிதும் குறைவு. அதன் குறைகள் ஊரறிந்தவை. தெருமுனை மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனால், ஸ்டார்ட் செய்யும் ஒலியிலேயே பாதியையும், துருவைத் தட்டிப் பார்த்து மீதியையும் சொல்லிவிடுவார். ஒளிவுமறைவில்லாத குறைகளைக் கொண்ட பொருள்மீது ஒருவகை நம்பிக்கை பிறக்கிறது. எங்கே நொண்டும் என்று தெரிந்த மாட்டை ஓட்டுவதில் உள்ள நிம்மதி அது.

ஆனால் இந்த நம்பகத்தைத் தாங்கியவர் யார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இவ்வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான். காரின் குறையை ஈடுசெய்தது மனித உழைப்பு. விடியற்காலையில் வந்து தண்ணீர், எண்ணெய் பார்த்து, பிளக் துடைத்து, வண்டியைச் ‘சூடேற்றி’ வைத்த ஓட்டுநரின் உழைப்பு ஊதியக் கணக்கில் தனியாக வந்ததில்லை. வண்டிக்கடியில் படுத்துக் கிரீஸ் அடித்த பட்டறைப் பையன்களில் பலர் பள்ளிக்குப் போகும் வயதினர். கார்ப் பட்டறைகள், குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாத இடங்களின் சட்டப்பட்டியலில் பின்னாளில்தான் சேர்க்கப்பட்டன. உற்பத்திக்கூடத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டிய தரச் சோதனையின் செலவு, இப்படிச் சிறுகச் சிறுகத் தெருவுக்கு இறக்கப்பட்டது. முறையிட விரும்பியவருக்கும் எளிய வழியில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-இல்தான் வந்தது. ‘பாரம் தாங்கும் வண்டி’ என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, அவ்வண்டியின் பாரத்தைத் தாங்கிய தோள்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது மாறியது சந்தை மட்டுமன்று, சொல்லின் பொருளும் மாறியது. 796 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின், மெல்லிய தகடு, சிறு சக்கரங்கள். தகர டப்பா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் சாவியைத் திருப்பியதும் அது கிளம்பியது, மறுநாளும் கிளம்பியது. தம் காரின் பானெட்டை மாதக்கணக்கில் திறந்து பாராத உரிமையாளர் என்ற புதியதோர் மனித வகை இங்கே தோன்றியது. 1980களின் இறுதிக்குள் நாட்டின் கார்ச் சந்தையில் பாதிக்குமேல் மாருதியிடம் போயிற்று. சென்னையின் ஸ்டாண்டர்ட், 1985-இல் ரோவரின் நவீன உடலுக்குள் பழைய வேன்கார்ட் வழிவந்த எஞ்சினைப் பொருத்தி ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று விற்க முயன்று, சில ஆண்டுகளில் கார்த் தொழிலையே கைவிட்டது. அம்பாசடர் 1992-இல் 1817 சிசி இசுசு எஞ்சினையும் ஐந்து கியர்களையும் பெற்றுத் தப்பிப்பிழைத்தது. வேகம் கூடியது. உடல் பழையதாகவே இருந்தது.

அதன்பின் நிகழ்ந்தது மெல்லிய தேய்வு. 1980களின் நடுவில் ஆண்டுக்கு 24,000 வரை விற்ற கார், 2013-14-இல் 2,200 அளவுக்கு இறங்கியது. அரசு அலுவலகங்களும் டாக்சிக்காரர்களுமே கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்களிடமும் காலம் குறுக்கிட்டது. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களைக் கல்கத்தா மாநகரச் சாலைகளிலிருந்து விலக்குமாறு 2008-இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-இல் பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சி உலக டாக்சிகளுள் சிறந்தது என்று அம்பாசடருக்கு முடிசூட்டியது. மறு ஆண்டு மே 24 அன்று உத்தர்பாரா ஆலையில் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றனர். அதே 2014-இன் ஜனவரியில்தான் மாருதி 800-இன் உற்பத்தியும் முடிந்திருந்தது. 2017-இல் ‘அம்பாசடர்’ என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பெஜோ நிறுவனத்திடம் போயிற்று.

இன்றைய கார்கள் அம்பாசடரைவிட அரிதாகவே பழுதாகின்றன. புகையும் குறைவு, விபத்தில் உயிர்காக்கும் திறனும் அதிகம். இதில் ஐயத்துக்கு இடமில்லை. எனினும் அவை பழுதாகும்போது, தெருமுனைப் பட்டறையில் திறக்க முடிவதில்லை. கணினி சொல்வதைக் கேட்க வேண்டும், அக்கணினியோ நிறுவனத்தின் மொழியையே பேசுகிறது. இந்தியாவில் 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தபோது, கைப்பேசி, வீட்டுச் சாதனங்கள், வேளாண் கருவிகள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களையும் அதன் வரம்பில் சேர்த்தது. ஒரு காலத்தில் கேட்காமலே கிடைத்த ஒன்று, இப்போது உரிமையாகக் கோரப்படும் நிலைக்கு வந்திருக்கிறது.

ஆகவே அந்த இரு சாட்சியங்களில் எதையும் நாம் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. தரம் குறைந்த காரைத் தந்துவிட்டுக் காத்திருக்கவும் வைத்த ஓர் அமைப்பைப் பற்றிப் புகார் செய்தவர்கள் சரியாகவே புகார் செய்தார்கள். அக்காரை நம்பியவர்களும் தவறாக நம்பவில்லை. அவர்கள் நம்பியது இயந்திரத்தை மட்டுமன்று. அதைச் சுற்றி ஊர்தோறும் இருந்த கைகளையும் காதுகளையும் சேர்த்துத்தான் நம்பினார்கள். அக்கைகளுக்கு உரிய கூலியையும் அவை கற்ற வித்தைக்கு உரிய மதிப்பையும் நாம் அன்று கொடுக்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கும் இந்நாளில், வாங்குபவரின் உரிமையோடு பழுதுபார்ப்பவரின் உரிமையும் சேர்ந்து பேசப்படுமாயின், அந்தப் பழைய கடனில் ஒரு பகுதியாவது தீரும்.