கொக்குவாய் (அணிகலன்)

கொக்குவாய் என்பது கழுத்தணி, முத்துவடம் முதலியவற்றின் இரு முனைகளையும் இணைக்கும் உலோகப் பூட்டின் கொக்கிப் பகுதியாகும். இக்கொக்கி சென்று மாட்டும் கண் படுகண் எனப்படும். சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்விரு சொற்களும் சேர்ந்தே வருவதைக் காணலாம். வளைந்த முனை கொக்கின் அலகை நினைவூட்டுவதால் பெயர் பொருத்தமாகவே உள்ளது.

பின்னணி

இடைக்கால ஐரோப்பாவில் மேலாடையைத் தோளில் நிறுத்த உலோக ஊசிகள் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் 5 முதல் 7 ஆம் நூற்றாண்டு வரையிலான பெண்களின் கல்லறைகளில் இவை இணையாகக் கிடைக்கின்றன. தமிழகத்தில் ஆடை பெரும்பாலும் தைக்கப்படாமல் சுற்றி முடியப்பட்டதால் இவ்வகை ஊசிக்குத் தேவை குறைவு. இங்கே உலோகப் பூட்டு ஆடையில் அல்ல, அணிகலனிலும் அரைப்பட்டிகையிலும் இடம்பெற்றது.

கல்வெட்டுச் சான்று

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் செப்புத் திருமேனிகளுக்கு அளித்த நகைகள் கல்லில் பட்டியலிடப்பட்டுள்ளன. இவற்றை ஊல்ச் (Hultzsch என்பாரின் தமிழ் வடிவம்) தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். பொன் 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லாலும், மணிகள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. 2 குன்றி 1 மஞ்சாடி. முத்துவடங்களைக் கூறுமிடத்தில் முத்துகளின் எண்ணிக்கையோடு கொக்குவாய், படுகண் ஆகியவையும் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. அரக்கும் செப்பாணியும் கூட விடுபடவில்லை. கோயில் கணக்கர் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அந்நகைகள் இன்று கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பது பட்டியல் மட்டுமே.

படிமங்களில்

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றில் அரைப்பட்டிகையின் நடுவே சிம்ம முகம் கொண்ட பூட்டு காணப்படுகிறது. இது முதலில் மெழுகில் வடிக்கப்பட்டு, மண் பூசிச் சூடேற்றி மெழுகு உருக்கி வெளியேற்றப்பட்டபின் உலோகம் வார்க்கப்படுவதால் நுட்பம் கெடாமல் பதிகிறது. அணியப்பட்ட பூட்டு எப்படி இருந்திருக்கும் என்பதை அறிய இப்படிமங்களே இன்று முதன்மையான வழி.

கண்டெடுப்பும் சட்டமும்

பொன் நகை மீண்டும் மீண்டும் உருக்கப்படும். தவிர, விரல்நுனி அளவுள்ள கொக்கியை உழவரோ கிணறு வெட்டுபவரோ கவனிப்பது அரிது. கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் நிலத்தடியில் தென்படும் எந்தச் சிறு உலோகத் துண்டுக்கும் இது பொருந்தும். இந்தியப் புதையல் சட்டம், 1878 இன்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் தட்டாரிடம் சென்ற துண்டு ஒரு மணி நேரத்தில் உருகிவிடும். கிடைத்த இடம், ஆழம், உடனிருந்த பொருள்கள் ஆகிய செய்திகளும் அதனுடன் போய்விடும். தொல்லியலாளருக்கு உலோகத்தின் எடையைவிட இச்செய்திகளே பெரிது.

இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தை அடுத்து, 1997 இல் தொடங்கிய பதிவுத் திட்டத்தின் கீழ் உலோக உணர்கருவியுடன் வயல்களில் தேடுவோர் தாம் கண்ட சிறு பொருள்களையும் தாமாகவே பதிவு செய்கின்றனர். அங்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன.

இக்காலத்தில்

நகைக்கடைகளில் இன்று 'எஸ் கொக்கி' என்று வழங்குவது இதே அமைப்பின் தொடர்ச்சியே. கொக்குவாய் என்னும் சொல் பேச்சு வழக்கில் அருகிவிட்டது, அகராதிகளில் உள்ளது.