சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினால் கணையம் கிழியுமா? எப்போது ஆபரேஷன் தேவை? முழு விளக்கம்

சாந்தோம் கடற்கரையை ஒட்டிய லூப் ரோட்டில் மாலை நேரத்தில் ஒரு சிறுவன் சைக்கிள் ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். திடீரென பிரேக் அடித்ததில் சைக்கிள் சாய்கிறது. ஹேண்டில்பாரின் முனை மேல் வயிற்றில் குத்துகிறது. வட்டமாக ஒரு சிவப்புத் தடம் மட்டும்தான். "ரத்தமே வரலையே, ஒண்ணும் ஆகல" என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வலியும் குறைகிறது.

ஆனால் மறுநாள் வாந்தி, காய்ச்சல், முதுகுவரை பாயும் வலி. உள்ளே கணையம் கிழிந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் இவை.

கணையம் எங்கே இருக்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். நீளம் சுமார் 15 செ.மீ. இன்சுலின் சுரப்பதும், உணவைச் செரிக்க வைக்கும் நீரைச் சுரப்பதும் இதன் வேலை. வெளியிலிருந்து பலமான அடி விழும்போது, கணையம் முதுகெலும்பின் மேல் அழுந்தி நசுங்குகிறது. சில நேரம் இரண்டு துண்டாகவும் ஆகிவிடுகிறது.

சிறுவர்களுக்கு சைக்கிள் ஹேண்டில்பார், பெரியவர்களுக்கு கார் ஸ்டியரிங், பைக் விபத்து, கத்திக்குத்து ஆகியவை முக்கியக் காரணங்கள். மருத்துவ நூல்கள் முதலில் குறிப்பிடும் கணையக் காயமும் சாலை விபத்துதான். 1827-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் டிராவர்ஸ், குதிரை வண்டிச் சக்கரம் மோதிய ஒரு பெண்ணின் கணையம் முழுதாகத் துண்டிக்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தார்.

ஏன் உடனே தெரிவதில்லை?

கணையம் வயிற்றின் பின்பக்கம் மறைந்திருப்பதால், காயம் பட்டதும் வயிறு இறுகாமல் சாதாரணமாகவே இருக்கலாம். ரத்தத்தில் அமைலேஸ் அளவு முதல் சில மணி நேரத்தில் கூடாமலும் இருக்கலாம். முதல் சிடி ஸ்கேனில்கூட காயம் தெளிவாகத் தெரியாமல் போவதுண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் மருத்துவர்கள் நோயாளியைக் கண்காணிப்பில் வைத்து, ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அந்த ஒரு குழாய்

கணையத்தின் நடுவே ஒரு முக்கியக் குழாய் ஓடுகிறது. நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கும் மேல் செரிமான நீர் இதன் வழியாகச் சிறுகுடலுக்குப் போகிறது. இந்தக் குழாய் அறுந்தால் அந்த நீர் வயிற்றுக்குள் கசிந்து, சுற்றியுள்ள திசுக்களையே அரிக்கத் தொடங்கும். எனவே மருத்துவர்கள் முதலில் தேடும் விடை: குழாய் தப்பித்ததா, இல்லையா? எம்ஆர்சிபி ஸ்கேன் அல்லது வாய் வழியாக எண்டோஸ்கோப் செலுத்திச் செய்யும் ஈஆர்சிபி இதைக் காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சை என்ன?

கணையக் காயங்கள் 5 நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

நிலை 1, 2: சிராய்ப்பு, ரத்தக்கட்டு, கிழிசல் இருக்கும், முக்கியக் குழாய்க்குச் சேதம் இல்லை. பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறந்திருந்தால், கசிவு வெளியேற ஒரு டியூப் வைப்பார்கள்.

நிலை 3: வால் பக்கம் குழாய் அறுந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டி நீக்குவதே வழக்கமான ஆபரேஷன். மண்ணீரலின் ரத்தக்குழாய்கள் கணையத்தை ஒட்டியே ஓடுவதால், சில நேரம் மண்ணீரலையும் எடுக்க நேரிடும். குழந்தைகளுக்கு அதைக் காப்பாற்றவே முயல்வார்கள். சில குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமல், ஈஆர்சிபி மூலம் ஸ்டென்ட் வைத்தும் பார்க்கிறார்கள். எது நல்லது என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து உண்டு.

நிலை 4, 5: தலைப் பக்கம் துண்டிப்பு அல்லது முழுச் சிதைவு. இதுதான் மிகவும் ஆபத்தானது. பித்தக்குழாயும் சிறுகுடலின் தொடக்கமும் அங்கேதான் சேர்கின்றன. நோயாளி ரத்தம் இழந்து தவிக்கும்போது நீண்ட ஆபரேஷன் உயிருக்கே ஆபத்து. எனவே முதலில் ரத்தப்போக்கை நிறுத்தி, டியூப் வைத்து, ஐசியூவுக்கு மாற்றுவார்கள். உடல் தேறிய பிறகு, ஓரிரு நாளில் மறுபடி தியேட்டர். கணையத் தலையையும் சிறுகுடலின் முன்பகுதியையும் நீக்கும் 'விப்பிள்' ஆபரேஷன் மிகச் சிலருக்கே தேவைப்படும்.

ஆபரேஷனுக்குப் பிறகு?

கணைய நீர்க் கசிவுதான் அடிக்கடி வரும் சிக்கல். பல நேரம் டியூப் வழியே வடிந்து, சில வாரங்களில் தானாகவே நின்றுவிடும். சீழ், நீர்க்கட்டி உருவாகலாம். "வாழ்க்கை முழுக்க சுகர் வருமா?" என்பது பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி. வால் பகுதியை மட்டும் எடுத்தால், மீதமுள்ள கணையமே பெரும்பாலானோருக்குப் போதும். ஆனாலும் சர்க்கரை அளவை அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் தடுப்பூசிகள் அவசியம்.

எங்கே போவது?

சாந்தோம், மயிலாப்பூர் பகுதிக்கு அருகில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரைப்பை, குடல் அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறை உண்டு. அதை உருவாக்கியவர் பேராசிரியர் என்.ரங்கபாஷ்யம்.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

* மேல் வயிற்றில் ஹேண்டில்பார் தடம் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
* வலி குறைந்து மறுபடி கூடினால், வாந்தி, காய்ச்சல், வயிறு உப்பல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.
* மருத்துவர் பார்க்கும்வரை சோடா, காபி, சாப்பாடு எதுவும் தரவேண்டாம். வயிற்றைத் தேய்த்துவிடவும் கூடாது.
* எப்படி விழுந்தார், எதில் இடித்தது, எத்தனை மணிக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "சைக்கிள்ல இருந்து விழுந்தான்" என்பதைவிட "ஹேண்டில்பார் வயித்துல குத்திடுச்சு" என்று சொல்வது, மருத்துவரைச் சரியான ஸ்கேனை நோக்கி அழைத்துச் செல்லும்.