ஒரே இலையில் இரண்டு பூஞ்சைகள்

வடமேற்கு ஐரோப்பாவின் கோதுமையை அரிக்கும் பூஞ்சைகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மஞ்சள் துரு நோயைத் தரும் பக்சீனியா ஸ்ட்ரைஃபார்மிஸ். மற்றது செப்டோரியா இலைக்கருகலைத் தரும் ஜைமோசெப்டோரியா டிரிடிசி. இரண்டும் ஒரே இலையில் வாழக்கூடியவை. ஆனால் மரபணு வேறுபாட்டில் நேரெதிரானவை.

செப்டோரியா பூஞ்சையைப் பற்றி லிண்டே, ஜான், மெக்டொனால்ட் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வியக்க வைக்கிறது. வெவ்வேறு கண்டங்களின் ஏழு வயல்களிலிருந்து 1,098 மாதிரிகளை அவர்கள் சோதித்தனர். மொத்த மரபணு வேறுபாட்டில் 77 விழுக்காடு, ஒன்று முதல் ஒன்பது சதுர மீட்டர் வரையான சிறு பாத்திகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. இன்னும் நுணுகி, இலையின் ஒரே புண்ணை மில்லிமீட்டர் கணக்கில் ஆராய்ந்தபோது, அதற்குள்ளும் இரண்டு முதல் ஆறு வகைகள் இருந்தன. ஐந்து புண்களில் நான்கில் இரு பாலின வகைகளும் ஒன்றாகவே காணப்பட்டன. இணை தேடி அந்தப் பூஞ்சை அதிக தூரம் போக வேண்டியதில்லை. அறுவடைக்குப் பின் தாளில் பாலினப் பெருக்கம் நடக்கிறது. அதில் பிறக்கும் வித்துகள் காற்றில் பறந்து இலையுதிர்காலத்து இளம்பயிரில் இறங்குகின்றன. ஒவ்வொரு பருவமும் புதிய மரபணுக் கலவையோடுதான் தொடங்குகிறது. முதன்முதலில் முழுமையாக வரிசைப்படுத்தப்பட்ட மாதிரியின் 21 குரோமோசோம்களில் எட்டு, இல்லாவிட்டாலும் பூஞ்சை பிழைத்திருக்கக்கூடியவை.

மஞ்சள் துருவின் கதை வேறு. 2011க்கு முன் பிரிட்டன், டென்மார்க், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் எடுத்த மாதிரிகள் ஒரே குடும்பத்தின் நகல்களாகவே இருந்தன. அங்கே பாலினக் கலப்புக்கு அடையாளமே தெரியவில்லை. வித்துகள் கடல் தாண்டிப் பறந்து, ஒரு நாட்டில் தோன்றிய வகையை அடுத்த நாட்டுக்குக் கொண்டு சென்றன. புதுமை என்று அங்கே வந்ததெல்லாம் எப்போதாவது நேரும் திடீர் மாற்றத்தால் வந்ததுதான்.

வேறுபாடு குறைந்த பூஞ்சையை அடக்குவது எளிது என்று தோன்றலாம். 1990களில் நடந்தது அதைப் பொய்யாக்கியது. காட்டுப்புல் ஒன்றிலிருந்து கோதுமைக்கு மாற்றப்பட்ட ஒய்ஆர்17 என்ற எதிர்ப்பு மரபணுவை நம்பி, பிரிகேடியர் போன்ற ரகங்கள் பரவலாகப் பயிரிடப்பட்டன. அந்த ஒரு பூட்டைத் திறக்கும் மாற்றம் துருவில் தோன்றியதும், அதே மரபணுவைச் சுமந்த வயல்களெல்லாம் நாடு கடந்து திறந்துகொண்டன. எல்லையெங்கும் ஒரே ரகத்தை விதைக்கும் வேளாண்மைக்கு, எல்லையெங்கும் பறக்கும் ஒரே நகல் போதும்.

செப்டோரியா வேறு விதமாகத் தப்பிக்கிறது. ஸ்ட்ரோபிலூரின் வகைப் பூஞ்சைக்கொல்லிகள் 1990களின் நடுவில் சந்தைக்கு வந்தன. பத்தாண்டுக்குள் அவை இந்த நோயிடம் பெருமளவு பயனிழந்தன. மருந்துக்குத் தப்பவைக்கும் ஜி143ஏ என்ற மாற்றம் ஐரோப்பாவில் குறைந்தது நான்கு முறை தனித்தனியாகத் தோன்றியது என்று டோரியானியும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டினர். மஞ்சள் துருவுக்கு அதே மாற்றம் வாய்க்கவில்லை. மரபணு வேறுபாடு குறைவென்பதே காரணம் என்று இங்கே அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. துருப் பூஞ்சைகளின் மரபணுவில் அந்த இடத்தை ஒட்டியே ஓர் இடைச்செருகல் இருக்கிறது. அங்கே எழுத்து மாறினால் புரதமே சரியாக உருவாகாது. இரண்டு பூஞ்சைகளை ஒப்பிடும்போது இத்தகைய தனி அமைப்புகளை மறந்துவிட்டால் கணக்கு தவறிவிடும்.

மஞ்சள் துருவின் வறுமையும் உண்மையில் ஐரோப்பாவின் வறுமைதான். 2011இல் வாரியர் என்ற புதிய இனம் பல நாடுகளில் ஒரே பருவத்தில் தோன்றி, சில ஆண்டுகளில் பழைய குடும்பத்தையே ஓரங்கட்டியது. மரபணுச் சான்று அதன் வேர்களை இமயமலையை ஒட்டிய நிலங்களுக்கு இட்டுச் சென்றது. நேபாளம், பாகிஸ்தான், சீனாவின் மலைப்பகுதிகளில் மஞ்சள் துரு மிகுந்த வேறுபாட்டோடு வாழ்கிறது. பாலினக் கலப்பின் தடயங்களும் அங்கே தெளிவாக உள்ளன. பார்பெரி என்ற முள்புதரில் இந்தப் பூஞ்சை பாலினப் பருவத்தைக் கழிக்கக்கூடும் என்பதே 2010இல்தான் யூ ஜின் குழுவின் சோதனையால் தெரியவந்தது. ஆக, செப்டோரியா தன் செல்வத்தை வயலிலேயே வைத்திருக்கிறது; துரு தொலைதூர மலைகளில் வைத்திருக்கிறது.

கண்காணிப்பும் இதற்கேற்பப் பிரிய வேண்டும் என்பது என் கருத்து. செப்டோரியாவை அறிய ஒரே வயலில் பல இலைகளைப் பறிக்க வேண்டும். எதிர்ப்பு மரபணுக்களையும் மருந்துகளையும் கலந்தும் மாற்றியும் பயன்படுத்த வேண்டும். துருவுக்கு ஒரு வயலில் நூறு இலை பறிப்பதைவிட நூறு இடங்களில் ஓர் இலை பறிப்பது பயன் தரும். டென்மார்க்கின் ஃப்ளாக்கெபியரில் உள்ள உலகத் துரு ஆய்வு மையம் பல நாடுகளிலிருந்து மாதிரிகளைப் பெறுவதும், சிம்லாவின் ஃபிளவர்டேல் நிலையம் துரு இனங்களைப் பேணிவருவதும் இந்த வேலைதான். பாகிஸ்தானின் மலைச்சரிவில் ஒரு பார்பெரிப் புதரைச் சோதிக்கும் செலவை ஐரோப்பிய விவசாயி தன் செலவாகவே எண்ணலாம்.